தோற்கிற வழக்கை ஏன் போடுகிறார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு ஒரு விவாதம் வைத்திருக்கிறோம். "சர்வதேச சட்டம் பலவீனமானவர்களுக்குக் கைகொடுக்கும்" என்பது தலைப்பு. கைகொடுக்கும் என்று பேச வேண்டிய அணியின் தலைவன் இடைவேளையில் ஃபோனோடு வந்து நின்றான்.

"சேர், எங்களுக்குத் தலைப்ப மாத்தித் தாங்க. காஸாவுக்கு ஆயுதம் போறத்த நிப்பாட்டச் சொல்லிப் போட்ட கேஸ் எல்லாத்தையும் தேடிப் பாத்தம். இந்தியாவுல தோத்துட்டு. லண்டன்ல தோத்துட்டு. ஜெர்மனிக்கு எதிரா ஹேக்ல போட்டதும் சரிவரல்ல. தோக்கிற கேஸ என்னத்துக்கு சேர் போடுறாங்க?"

மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றன் மனே" என்று அனுப்பினேன். இரவு முழுக்க அதே யோசனை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது பிள்ளைகளுக்கு மட்டுமான கேள்வி இல்லை. நம் வாட்ஸ்அப் குரூப்களிலும் பெரியவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். "சட்டமாவது மண்ணாவது" என்று ஒரு குரல் பதிவு வரும், நாமும் ஆமாம் என்று அடுத்த குரூப்புக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவோம்.

முதலில் இந்த வழக்குகள் எதைப் பற்றியவை என்று பார்ப்போம். குண்டு போட்டவனைக் கூண்டில் ஏற்றும் வழக்குகள் அல்ல இவை. குண்டைச் செய்து விற்க அனுமதிப்பத்திரம் கொடுத்த அரசாங்கத்தைப் பார்த்து, "அந்தச் சாமான் எங்கே போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாய்?" என்று கேட்கும் வழக்குகள்.

வாவியில் தொழில் செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். தங்கூசி வலை தடை. வீசினவனை மட்டும் பிடித்துக்கொண்டு, அதை இறக்குமதி செய்தவனையும் கடையில் வைத்து விற்றவனையும் விட்டுவிட்டால் வாவியில் மீன் மிஞ்சுமா? அதனால்தான் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் சேர்த்தே தடை இருக்கிறது.

மார்க்கம் படித்தவர்களுக்கும் இது புதிதல்ல. ஸஹீஹுல் புஹாரியில் வியாபாரம் பற்றிய பகுதியில், குழப்ப காலத்தில் ஆயுதம் விற்பது பற்றி ஒரு தனித் தலைப்பே இருக்கிறது. இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அவர்கள் அப்படி விற்பதை வெறுத்தார்கள் என்று இமாம் அவர்கள் அந்தத் தலைப்பிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். மது காய்ச்சுவான் என்று தெரிந்த ஒருவனுக்குத் திராட்சை விற்பதையும், வழிப்பறிக்காரன் என்று தெரிந்த ஒருவனுக்கு வாள் விற்பதையும் நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசுகின்றன. "நான் வித்தன், அவன் வெட்டினான், எனக்கென்ன" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இன்றைய சர்வதேச சட்டமும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாவது உறுப்புரை, ஒரு நாடு தான் மட்டும் ஒழுங்காக நடந்தால் போதாது, மற்றவர்களும் அப்படி நடப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இனப்படுகொலையைத் தடுக்கும் கடமை எப்போது தொடங்குகிறது என்பதை பொஸ்னியா வழக்கில் 2007ஆம் ஆண்டு சர்வதேச நீதிமன்றம் சொன்னது: பாரதூரமான ஆபத்து இருக்கிறது என்று ஒரு நாடு அறிந்த நேரத்தில், அல்லது அறிந்திருக்க வேண்டிய நேரத்தில். 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆயுத வர்த்தக உடன்படிக்கை, விற்பதற்கு முன்பே அந்த ஆபத்தை எடை போட்டுப் பார்க்கச் சொல்கிறது.

இனி மாணவன் சொன்ன "தோத்த கேஸ்"களுக்கு வருவோம்.

இந்தியா. 2024 மே மாதம், சென்னையிலிருந்து ஹைஃபாவுக்கு சுமார் 27 தொன் வெடிபொருளோடு போன மரியான் டானிகா என்ற கப்பலுக்கு ஸ்பெயின் தன் துறைமுகத்தில் இடம் கொடுக்க மறுத்தது. நம் ஊரிலிருந்து வைத்தியத்துக்கும் புடைவை எடுக்கவும் போகிற அதே சென்னைதான். சில மாதங்களில் ஓய்வுபெற்ற அரச அதிகாரிகளும் பேராசிரியர்களும் உட்பட 11 பேர் டில்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இஸ்ரேலுக்கு ஆயுதம் ஏற்றுமதி செய்யும் அனுமதிகளை நிறுத்தச் சொன்னார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. வெளிநாட்டுக் கொள்கை அரசாங்கத்தின் வேலை, அதில் நாங்கள் தலையிட முடியாது என்றது.

பிரிட்டன். அல்-ஹக் என்ற பலஸ்தீன மனித உரிமை அமைப்பு 2023 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2025 ஜூன் 30ஆம் திகதி லண்டன் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எஃப்-35 போர் விமானத்தின் உதிரிப்பாகங்கள் பற்றிய முடிவு பாராளுமன்றத்துக்கும் வாக்காளருக்கும் பதில் சொல்லவேண்டிய அரசாங்கத்துக்கு உரியது என்றது. தோல்விதான். ஆனால் வழக்குப் போட்டு ஒன்பது மாதத்தில், 2024 செப்டெம்பர் 2ஆம் திகதி, சுமார் 350 அனுமதிப்பத்திரங்களில் ஏறக்குறைய 30ஐ அதே அரசாங்கம் நிறுத்தியிருந்தது. மனிதாபிமான சட்டம் பாரதூரமாக மீறப்படும் தெளிவான ஆபத்து இருக்கிறது என்று காரணமும் சொன்னது. எஃப்-35 பாகங்களை மட்டும் விலக்கி வைத்தது. ஆபத்து இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அந்தப் பாகங்களை அனுப்பினோம் என்பது இன்று நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. நாளைக்கு யாரும் "தெரியாமல் செய்தோம்" என்று சொல்ல ஏலாது.

ஜெர்மனிக்கு எதிராக நிகரகுவா போட்ட வழக்கு. 2024 ஏப்ரல் 30ஆம் திகதி, இடைக்கால உத்தரவு தர மாட்டோம் என்று சர்வதேச நீதிமன்றம் 15க்கு 1 என்ற வாக்கில் சொன்னது. ஆனால் வழக்கையே தூக்கி எறியுங்கள் என்று ஜெர்மனி கேட்டதையும் மறுத்தது. ஆயுதம் அனுப்பும் எல்லா நாடுகளுக்கும் அவற்றின் கடமையை ஞாபகப்படுத்தியது. அந்த உத்தரவிலேயே ஜெர்மனி கொடுத்த கணக்கு இருக்கிறது: 2023 ஒக்டோபரில் சுமார் 200 மில்லியன் யூரோவுக்கு அனுமதி கொடுத்த நாடு, 2024 மார்ச்சில் சுமார் 1 மில்லியனுக்கு இறங்கியிருந்தது. ஏன் இறங்கியது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். கணக்கை நீதிமன்றத்தில் வைக்கவேண்டி வந்தது மட்டும் வழக்கினால்தான்.

நெதர்லாந்து வழக்கு மாணவனின் பட்டியலில் இல்லை. அமெரிக்காவுக்குச் சொந்தமான எஃப்-35 உதிரிப்பாகங்கள் அங்கே ஒரு களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றை இஸ்ரேலுக்கு அனுப்பக்கூடாது என்று மூன்று அமைப்புகள் வழக்குப் போட்டன. 2023 டிசம்பரில் தோற்றார்கள். மேன்முறையீடு செய்தார்கள். 2024 பெப்ரவரி 12ஆம் திகதி ஹேக் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஏழு நாட்களுக்குள் ஏற்றுமதியை நிறுத்து என்று அரசுக்குக் கட்டளையிட்டது. அரசு இன்னும் மேலே போனது. 2025 ஒக்டோபர் 3ஆம் திகதி உச்ச நீதிமன்றம், தடை போடுவது நீதிமன்றத்தின் வேலை இல்லை, ஆனால் அரசு அந்த அனுமதிப்பத்திரத்தை ஆறு வாரத்துக்குள் சட்டப்படி மீண்டும் பரிசீலிக்க வேண்டும் என்றது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். முதல் தோல்வியோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் இதுவும் இல்லை.

இதுவரை ஹேக், லண்டன் என்று தூரத்து ஊர்களைத்தான் சொன்னேன். நமது வாவிக் கரையிலிருந்தே ஒரு வழக்கு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுக்க அதைப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் போனால், மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலத்தில் படுவான்கரை. 2014இல் பாலம் வரும் வரைக்கும் பாதையில் ஏறித்தான் கடக்கவேண்டும். அங்கே மகிழடித்தீவில் ஒரு இறால் பண்ணை இருந்தது. 1987 ஜனவரி 28ஆம் திகதி விசேட அதிரடிப்படை கொக்கட்டிச்சோலைப் பகுதியில் ஒரு நடவடிக்கை செய்தது. பண்ணை அழிந்தது. பண்ணையில் வேலை செய்த இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து ஊர்மக்கள் சொல்லும் கணக்கு அதைவிடப் பெரியது.

பண்ணையில் ஒரு ஹொங்கொங் கம்பனிக்குப் பங்கு இருந்தது. ஹொங்கொங் அப்போது பிரிட்டனின் கையில். பிரிட்டனும் இலங்கையும் 1980இல் செய்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பனி வொஷிங்டனில் உள்ள முதலீட்டுத் தகராறு நடுவர் மையத்துக்குப் போனது. 1990 ஜூன் 27ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பண்ணையை அழித்தது படையினர்தான் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது மன்றம். ஆனால் முதலீட்டைப் பாதுகாக்கத் தேவையான கவனத்தை அரசு எடுக்கவில்லை, அதனால் 460,000 அமெரிக்க டொலரும் வட்டியும் கொடுக்க வேண்டும் என்றது. இப்படியான முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை வைத்து அந்த மையம் கொடுத்த முதலாவது தீர்ப்பு அது.

இறாலுக்கும் கட்டிடத்துக்கும் நட்டஈடு வாங்க ஒரு கதவு இருந்தது. செத்த தொழிலாளியின் மனைவிக்குத் தட்ட அப்படி ஒரு கதவு இருக்கவில்லை. கம்பனிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் "சட்டம் பணக்காரனுக்கு" என்று நாம் சொல்வது. அது உண்மையும்தான். ஆனால் கம்பனிகளுக்கான அந்தக் கதவும் வானத்தால் விழவில்லை. யாரோ இருந்து எழுதினார்கள், யாரோ முதலில் போய்த் தட்டினார்கள். ஆயுத வழக்குப் போடுகிறவர்கள் செய்வது அந்தப் பெண்ணுக்கும் ஒரு கதவு வைக்கிற வேலை.

அதே அதிரடிப்படைக்கு 1984 முதல் பயிற்சி கொடுத்தது யார்? பிரிட்டனின் முன்னாள் விசேட படையினர் நடத்திய கே.எம்.எஸ். என்ற தனியார் கம்பனி. பயிற்சியும் ஒரு ஏற்றுமதிதான். 2020இல், முப்பது வருடத்துக்கும் மேலே கடந்த பிறகு, இலங்கையில் நடந்த போர்க்குற்றங்களில் பிரிட்டிஷ் கூலிப்படையினருக்குப் பங்கு உண்டா என்று லண்டன் பெருநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு விசாரணை தொடங்கியது. கேட்க ஆள் இருந்தால் பழைய கேள்வியும் ஒரு நாள் மேசைக்கு வரும்.

இனி எழுதப்போவது சிலருக்குக் கசக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் 1984இல் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவு திறந்தபோது நமது பெரியவர்கள் எதிர்த்தார்கள். 1990இல் பிரேமதாச அரசு அதை மூடியது. 1996இலிருந்து இஸ்ரேலின் கிபிர் விமானங்கள் இந்த நாட்டு வானத்தில் பறந்தன. வன்னியில் அந்தச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய பிள்ளைகளுக்கும் காஸாப் பிள்ளைகளுக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பிள்ளைகளுக்காக நாம் எத்தனை பேர் துஆவில் கை ஏந்தினோம்?

இஸ்ரேலோடு நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஆனையிறவு விழுந்த பிறகு பல்குழல் ரொக்கெட் செலுத்திகளை அனுப்பியது பாகிஸ்தான். கிரிக்கெட்டில் கைதட்டுகிற பழக்கத்தில் அதற்கும் சந்தோசப்பட்டவர்கள் நம்மில் இருந்தார்கள். விற்கிறவன் முஸ்லிமாக இருந்தால் கேள்வி கேட்க மாட்டோம் என்றால், காஸாவுக்காக நாம் கேட்கும் கேள்விக்குப் பெறுமதி குறைந்துவிடும். ஜேர்மன்காரனும் அமெரிக்கனும் "எங்கட கூட்டாளி" என்றுதானே கொடுக்கிறான்?

நமது இழப்பையும் இதே கேள்வியோடு பார்க்க வேண்டும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நமது இரண்டு பள்ளிவாசல்களில் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சுவரில் ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. அதற்கு முந்திய வருடம், இந்தியப் படையை வெளியேற்றுவதற்காக, பிரேமதாச அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்திருந்தது. பள்ளிக்குள் வந்த துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தவை என்ற கேள்விக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. 1997இல் அரசாங்கம் சிம்பாப்வேயில் வாங்கிய முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மோட்டார் எறிகணைகள் நடுவழியில் புலிகளின் கைக்குப் போயின. வாங்கினவன் ஒருவன், எடுத்தவன் இன்னொருவன், விழுந்தது மூன்றாமவன் தலையில். நம் பக்கத்தில் ஊர்காவல் படைக்கு அரசு கொடுத்த துப்பாக்கிகளும் காவலுக்கு மட்டும் பயன்படவில்லை என்பதை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

2013 ஏப்ரல் 2ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையில் ஆயுத வர்த்தக உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. 150க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன, மூன்று நாடுகள் எதிர்த்தன. இவ்வளவு ஆயுதமும் வந்து விழுந்த நமது இலங்கை வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. இந்தியாவும் அப்படித்தான். அன்று நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் யாரிடமும் நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காஸாவுக்காக ஊர்வலம் போகும்போது அவர்களை முன்வரிசையில் நிறுத்துகிறோம், போட்டோ எடுக்கிறோம். அடுத்த முறை கையோடு இதையும் கேளுங்கள்: "அந்த உடன்படிக்கையில் இலங்கையைச் சேரச் சொல்லிப் பாராளுமன்றத்தில் பேசுவீர்களா?" பதாகை பிடிப்பதைவிடச் சின்ன வேலைதான், ஆனால் அவர்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் மாணவனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். கடைசியாக ஹலப்ஜாவைச் சொன்னேன். 1988 மார்ச் 16ஆம் திகதி சதாம் ஹுசைனின் விமானங்கள் ஈராக்கில் அந்தக் குர்திய ஊரின் மீது நச்சுவாயுக் குண்டுகளைப் போட்டன. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கொன்றவனும் முஸ்லிம், செத்தவர்களும் முஸ்லிம்கள். சதாமின் நச்சுவாயுவுக்கு மூலப்பொருள் விற்றவர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் வான் அன்ராட் என்ற டச்சு வியாபாரி. 2005 டிசம்பரில் ஹேக் நீதிமன்றம் போர்க்குற்றத்துக்குத் துணைபோனதற்காக அவருக்கு 15 வருடச் சிறை கொடுத்தது. 2007இல் மேன்முறையீட்டில் அது 17 ஆனது. அவர் ஒரு குண்டும் போடவில்லை. சாமான் விற்றார். எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் கண்டது.

"பதினேழு வருசம் கழிச்சா சேர்?" என்றான்.

"ஓம். ஆனா யாரோ பேப்பர எல்லாம் பத்திரமா வெச்சிருந்திருக்காங்க" என்றேன்.

அந்தப் பேப்பர்தான் தோற்கிற வழக்குகள் விட்டுவிட்டுப் போவது. எந்தத் திகதியில் எந்த அரசுக்கு என்ன தெரிந்திருந்தது என்று அவை எழுதி வைக்கின்றன. பின்னால் ஒரு நாள் ஒரு நீதிபதி "உனக்குத் தெரிந்திருந்ததா?" என்று கேட்கும்போது அது தேவைப்படும். வழக்கு தோற்கும் நேரத்தில் காஸாவில் சாகிற பிள்ளைக்கு இது ஆறுதல் இல்லை. அதை நான் மறைக்கவில்லை, நீங்களும் விவாதத்தில் மறைக்கவேண்டாம் என்று மாணவனிடம் சொன்னேன்.

தலைப்பை மாற்றவில்லை. அணி இப்போது மகிழடித்தீவு வழக்கை எடுத்துப் படிக்கிறது. பண்ணையில் உறவினரை இழந்த குடும்பங்களிடம் நேரில் போய்க் கேட்கலாமா என்று கேட்டார்கள். அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பெற்றோர் சிலர் "அங்கால என்னத்துக்கு" என்று தயங்குகிறார்கள். அவர்களுக்காகவும்தான் இந்தப் பதிவு. படுவான்கரையில் எங்களை ஒரு குடும்பத்திடம் கூட்டிப்போகக்கூடிய தமிழ் ஆசிரிய நண்பர்கள் யாராவது இதை வாசித்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை நமது பள்ளிவாசல் சுவரைப் பார்க்கவும் அழைத்து வர விருப்பம்.

வஸ்ஸலாம்.